ஈரலுக்கும் அளவு உண்டு

சென்ற இதழில் வந்த உணவுக் கட்டுரையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: உணவிலிருந்து வரும் வைட்டமின் எவ்வளவு உள்ளே போனாலும் உடலுக்குக் கெடுதி இல்லை. மற்றதெல்லாம் அந்த வாக்கியத்தின் விரிவு. அந்த வாக்கியம் தவறு. வெறும் தகவல் பிழை என்றால் இரண்டு வரிக் கடிதத்தோடு விட்டிருப்பேன். ஆனால் கட்டுரையாளர் அந்தப் பிழையின் மேல் நின்றுகொண்டு கர்ப்பிணிகள் தினமும் ஈரல் சாப்பிட வேண்டும் என்கிறார். ஆறு மாதக் குழந்தைக்குக் கோழி ஈரலை மசித்து நாள்தோறும் ஊட்டச் சொல்கிறார். காட் லிவர் ஆயிலை அளவு பார்க்காமல் குடிக்கலாம் என்கிறார். இவற்றைப் படித்துவிட்டு நாளைக் காலை கறிக்கடைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அதனால்தான் இந்த எதிர்வினை.

அவருடைய வாதத்துக்கு நான்கு கால்கள். ஒன்று, உடலுக்கு அறிவு உண்டு. உணவிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். இரண்டு, வைட்டமின் மிகுந்து வந்த கேடுகள் எல்லாம் மாத்திரையால் வந்தவை. மூன்று, கேரட்டையும் கீரையையும் எவ்வளவு தின்றாலும் யாருக்கும் நஞ்சானதில்லை. நான்கு, நம் முன்னோர் ஈரல் தின்றே வலுவாக வாழ்ந்தார்கள். நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அவர் சரியாகச் சொன்ன ஒன்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வைட்டமின் மாத்திரைகளை மிட்டாய்போல் விழுங்கும் பழக்கம் ஆபத்தானது. பி6 மாத்திரையை அளவுமீறி மாதக்கணக்கில் தின்றவர்களுக்குக் கால் நரம்புகள் மரத்துப்போனது மருத்துவ உலகம் அறிந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஃபின்லாந்தில் நடந்த பெரிய ஆய்வு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு அது. முடிவில் அவர்களிடம்தான் அது 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதையெல்லாம் அவர் சொன்னார்; சரியாகவே சொன்னார். ஆனால் மாத்திரை கெடுக்கும் என்பதிலிருந்து உணவு கெடுக்காது என்ற முடிவு எப்படி வரும்? ஒரு பக்கத்துக் குற்றத்தை நிரூபித்துவிட்டால் மறுபக்கம் தானாகவே நிரபராதி ஆகிவிடாது. கட்டுரையின் முதல் பாதி முழுக்க மாத்திரைக்கு எதிரான சான்றுகள். இரண்டாம் பாதியில் உணவுக்கு ஆதரவான சான்று ஒன்றுகூட இல்லை. நம்பிக்கை மட்டுமே இருக்கிறது.

இனி முதல் கால். மிச்சத்தை உடல் தள்ளிவிடும் என்பது பி வகை வைட்டமின்களுக்கும் சி வைட்டமினுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அவை நீரில் கரைபவை. தேவைக்கு மேற்பட்டது சிறுநீரோடு போய்விடும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. அவற்றிலும் வைட்டமின் ஏ தனி ரகம். விலங்குணவில் அது ரெட்டினால் என்ற முழு வடிவத்திலேயே இருக்கிறது. நாம் சாப்பிடும் ரெட்டினாலில் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும். உடலில் ஏற்கெனவே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று குடல் கேட்பதில்லை. உறிஞ்சியது கல்லீரலுக்குப் போய் அங்குள்ள தனி உயிரணுக்களில் சேமிக்கப்படுகிறது. ஊருக்கு நெல் சேர்த்து வைக்கும் குதிர் போன்றது அது: பஞ்ச காலத்துக்காகக் கட்டியது, வடிகால் இல்லாதது. நிரம்பிய பிறகும் கொட்டிக்கொண்டே இருந்தால் வெளியே சிந்தும். அப்படிச் சிந்தும் ரெட்டினால், அதைச் சுமந்து செல்லவேண்டிய புரதத்தின் காவல் இல்லாமல் இரத்தத்தில் திரியும். தலைவலி, வாந்தி, தோல் உரிதல், முடி உதிர்தல், எலும்பு வலி, மண்டைக்குள் அழுத்தம் கூடுதல், நாள்பட்டால் கல்லீரல் தழும்பேறுதல் எல்லாம் அதன் விளைவுகள். அந்த ரெட்டினால் மாத்திரையிலிருந்து வந்ததா ஆட்டிலிருந்து வந்ததா என்று உயிரணுவுக்குத் தெரியாது. கட்டுரையாளர் உடலுக்கு அறிவு உண்டு என்கிறார். உடலுக்கு இருப்பது பல்லாயிரம் ஆண்டுப் பற்றாக்குறைக்குப் பழகிய அறிவு. கிடைத்ததைச் சேர்த்து வைக்கத் தெரிந்த அது, அளவுமீறி வந்ததைத் திருப்பி அனுப்பக் கற்கவில்லை.

இரண்டாவது கால், உணவால் யாருக்கும் வைட்டமின் நஞ்சு ஏறியதில்லை என்பது. மாத்திரை என்ற பொருளே பிறக்காத காலத்துக்கு அவரை அழைத்துப் போகிறேன். டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸின் குழு 1596இல் வடதுருவக் கடலில் பனியில் சிக்கி, நோவயா செம்லியா தீவில் குளிர்காலத்தைக் கழித்தது. 1597இல் அவர்கள் ஒரு பனிக்கரடியைக் கொன்று அதன் ஈரலைச் சமைத்துத் தின்றார்கள். மூன்று பேர் கடுமையாக நோயுற்றார்கள்; தலை முதல் கால் வரை அவர்கள் தோல் உரிந்தது. குழுவில் இருந்த கெரிட் டி வேர் இதைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். வைட்டமின் என்ற சொல் உருவாக அதன் பிறகு 300 ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. 1943இல் ரோடால், மூர் என்ற இரு ஆய்வாளர்கள் பனிக்கரடி ஈரலை அளந்து பார்த்தார்கள். ஒரு கிராமில் 13,000 முதல் 18,000 யூனிட் வைட்டமின் ஏ இருந்தது. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளுக்கான பாதுகாப்பு உச்சவரம்பாக இன்று வகுத்திருப்பது 10,000 யூனிட், அதாவது 3,000 மைக்ரோகிராம். ஒரு கிராம் ஈரலே அந்த உச்சவரம்பைத் தாண்டிவிடுகிறது. நூறு கிராம் தின்றால் 130 மடங்குக்குக் குறையாது. இதில் எந்தத் தொழிற்சாலை இருக்கிறது? எந்த இரசாயனம் கலந்திருக்கிறது? பனியும் கடலும் கரடியும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் விளைந்த நஞ்சு இது.

அடுத்தது அண்டார்ட்டிகா. 1912 டிசம்பரில் டக்ளஸ் மாசன், சேவியர் மெர்ட்ஸ், பெல்கிரேவ் நின்னிஸ் மூவரும் முகாமிலிருந்து வெகுதூரத்தில் இருந்தபோது நின்னிஸ் பனிப்பிளவில் விழுந்து மறைந்தார். உணவின் பெரும்பகுதியும் அவரோடு போயிற்று. மற்ற இருவரும் இழுவை நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றபடி திரும்பி நடந்தார்கள். ஈரல் மென்மையாக இருந்ததால் அதையும் தின்றார்கள். மெர்ட்ஸுக்குத் தோல் உரிந்தது, வயிறு கெட்டது, மனம் குலைந்தது, வலிப்பு வந்தது. 1913 ஜனவரி 8 அன்று இறந்தார். மாசனுக்கு உள்ளங்கால் தோல் தனியாகக் கழன்று வந்தது, அவர் பிழைத்தார். இது நாய் ஈரலின் வைட்டமின் ஏ செய்த வேலை என்று 1969இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இருவர் எழுதினார்கள். பட்டினியும் குளிரும்தான் காரணம் என்று வாதிடுவோரும் உண்டு. அந்த விவாதம் முடியாததால் மெர்ட்ஸின் சாவை என் பக்கத்துச் சாட்சியாக நான் முன்வைக்கவில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சியை ஆராய்ந்த மருத்துவர்கள் உணவிலிருந்து வரும் வைட்டமின் ஆளைக் கொல்லக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டே விவாதித்தார்கள். இங்கே ஒருவர் அது நடக்கவே முடியாது என்று நடுப்பக்கத்தில் எழுதுகிறார்.

கரடியும் துருவ நாயும் நம் சமையலறைக்கு வருவதில்லை என்று அவர் பதில் சொல்லக்கூடும். சரி, மீனுக்கும் கோழிக்கும் வருவோம். ஜப்பானில் இஷினாகி என்ற பெரிய கடல்மீனின் ஈரலைத் தின்றவர்கள் சில மணி நேரத்தில் கடும் தலைவலியும் வாந்தியும் கண்டு படுத்தார்கள். பிறகு அவர்கள் முகத்தோல் உரிந்தது. காரணம் வைட்டமின் ஏ. அந்த மீனின் ஈரலை உணவாக விற்பதை ஜப்பான் அரசு 1960இல் தடை செய்தது. மீன் தின்பதில் உலகத்துக்கே முன்னோடியான நாடு, இயற்கையான ஓர் உணவை அதன் வைட்டமினுக்காகவே சட்டம் போட்டு விலக்கியது. 1980இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் இரட்டைக் குழந்தைகளைப் பற்றிய அறிக்கை வந்தது. ஒரு வயதுகூட நிரம்பாத அந்த இரு பெண் குழந்தைகளுக்கு நாள்பட்ட வைட்டமின் ஏ நஞ்சு ஏறியிருந்தது. மாத்திரையோ சொட்டு மருந்தோ அதற்குக் காரணமல்ல. வீட்டில் மசித்து ஊட்டிய கோழி ஈரல். கட்டுரையாளர் நம் தாய்மார்களுக்குப் பரிந்துரைத்த அதே உணவு, அதே பக்குவம், ஏறத்தாழ அதே வயது. இந்த அறிக்கை வெளிவந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. குழந்தைக்கு என்ன ஊட்டலாம் என்று எழுத உட்காருகிறவர் இதைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் எழுதியது கவனக்குறைவு மட்டுமல்ல, கடமை தவறிய செயல்.

நம் கறிக்கடைக் கணக்கையும் போட்டுவிடலாம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியலில் செம்மறி ஈரல் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 7,400 மைக்ரோகிராம் ரெட்டினால் காட்டப்பட்டிருக்கிறது. தீவனத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். நம் நாட்டில் கர்ப்பிணிக்கு ஒரு நாளுக்குத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு 900 மைக்ரோகிராம், உச்சவரம்பு 3,000. ஆக, நூறு கிராம் ஈரல் வறுவலில் எட்டு நாள் தேவை ஒரே வேளையில் உள்ளே போகிறது. உச்சவரம்பைப் போல இரண்டரை மடங்கு. என்றோ ஒருநாள் சாப்பிட்டால் வளர்ந்தவருக்கு ஒன்றும் ஆகாது. உச்சவரம்பு என்பது தாண்டிய நொடியில் விழுந்து சாகும் கோடு அல்ல; அன்றாடம் தாண்டிக்கொண்டே இருக்கக் கூடாத கோடு. கட்டுரையாளர் சொன்னதோ தினமும் என்று. மேலே சொன்ன அத்தனை பாடங்களையும் மீறச் சொல்லும் ஒரே சொல் அதுதான்.

குழந்தைக்கு வரம்பு இன்னும் கீழே இருக்கிறது. மூன்று வயது வரை நாளொன்றுக்கு 600 மைக்ரோகிராம் என்பது அமெரிக்க நிபுணர்கள் வகுத்த உச்சவரம்பு. வேகவைத்த கோழி ஈரல் நூறு கிராமில் ஏறத்தாழ 4,000 மைக்ரோகிராம் இருக்கிறது. பதினைந்து கிராமில் வரம்பு முடிந்துவிடும். அது ஒரு பெரிய கரண்டி அளவுகூட இல்லை. இந்தக் குழந்தைக்கு ஒன்பதாம் மாதத்தில் அரசின் சுகாதார நிலையத்தில் ஒரு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ கரைசல் கொடுப்பார்கள். பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட். குறைபாட்டால் கண் பார்வை போகும் குழந்தைகளைக் காப்பதற்காக வந்த திட்டம் அது. நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் அந்த மருந்தோடு அன்றாட ஈரலும் சேர்ந்தால் கூட்டுத் தொகை என்ன ஆகும் என்று ஒரு வரியாவது கட்டுரையில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கர்ப்பிணிகளுக்கு அவர் சொன்ன அறிவுரைதான் எனக்கு மிகுந்த கோபத்தைத் தந்தது. கருவின் முகம், இதயம், மூளை உருவாகும் முதல் வாரங்களில் ரெட்டினாலின் வழிப்பொருளான ரெட்டினாயிக் அமிலம்தான் எந்த உறுப்பு எங்கே அமைய வேண்டும் என்பதை வழிநடத்தும் பொருள்களில் ஒன்று. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்று உலகம் முழுவதும் எச்சரிப்பது இந்தக் காரணத்தால்தான். அது அதே குடும்பத்து மருந்து. 1995இல் அமெரிக்காவில் 22,748 கர்ப்பிணிகளை வைத்து வெளிவந்த ஆய்வில், உணவும் மாத்திரையும் சேர்த்து நாளொன்றுக்கு 15,000 யூனிட்டுக்கு மேல் ரெட்டினால் எடுத்தவர்களின் குழந்தைகளிடம், முகம், இதயம் போன்ற உறுப்புகளைச் சேர்ந்த ஒருவகைப் பிறவிக் குறைபாடு, 5,000 யூனிட்டோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்களின் குழந்தைகளிடம் இருந்ததைப்போல மூன்றரை மடங்கு காணப்பட்டது.

கட்டுரையாளர் பிடித்துக்கொள்ளக்கூடிய ஓர் இடம் இதில் உண்டு. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அந்த ஆய்வில் ஆபத்தின் பெரும் பங்கு மாத்திரை எடுத்தவர்களிடம் இருந்தது. ஈரலிலிருந்து வரும் ரெட்டினால் மெதுவாக ஏறுவதால் இரத்தத்தில் ரெட்டினாயிக் அமிலத்தின் உச்சம் மாத்திரையால் ஏறும் அளவுக்கு ஏறுவதில்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆபத்து தொடங்கும் அளவு இன்னும் உயரத்தில் இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. ஆனால் பிரிட்டன் அரசு 1990இலேயே கர்ப்பிணிகள் ஈரலையும் ஈரலில் செய்த பண்டங்களையும் தவிர்க்கச் சொன்னது. இந்த ஆய்வுகளெல்லாம் வந்த பிறகும் அந்த அறிவுரை இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை. சான்று முழுமையாக இல்லாத இடத்தில், வயிற்றில் இருக்கும் பிள்ளையின் பக்கம் சாய்வதுதான் மருத்துவ அறம். கட்டுரையாளர் சான்று முழுமையாக இல்லை என்பதையே பயமின்றி உண்ணுங்கள் என்ற உத்தரவாதமாக மாற்றிவிட்டார். உத்தரவாதம் தவறிப்போனால் விலை கொடுக்கப்போவது அவர் அல்ல.

வயதான பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கச் செவிலியர் 72,337 பேரை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2002இல் வந்தது. மாதவிலக்கு நின்ற பெண்களில் ரெட்டினால் மிகுதியாக எடுத்தவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு கூடுதலாக இருந்தது. வைட்டமின் ஏ மாத்திரை எடுக்காதவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும், உணவிலிருந்து நாளொன்றுக்கு 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் ரெட்டினால் பெற்றவர்களிடம் எலும்பு முறிவு 400க்குக் கீழே பெற்றவர்களைப்போல 1.69 மடங்கு. பீட்டா கரோட்டினால் இப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. இது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுதான், காரணத்தை முடிவாக நிரூபிக்காது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவுமில்லை. ஆனாலும் உணவு ரெட்டினாலைப் பற்றி ஆய்வுலகில் கேள்வியே எழுந்ததில்லை என்று எழுதியவருக்கு இதுவே போதிய மறுப்பு.

மூன்றாவது கால் கேரட். கீரையும் கேரட்டும் பப்பாளியும் எவ்வளவு சாப்பிட்டாலும் வைட்டமின் ஏ நஞ்சாகாது என்பது முற்றிலும் உண்மை. ஆனால் அந்த உண்மை அவர் வாதத்தையே கவிழ்க்கிறது. செடிகளில் ரெட்டினால் இல்லை. அதன் மூலப்பொருளான பீட்டா கரோட்டின்தான் இருக்கிறது. குடலில் உள்ள ஒரு நொதி அதை உடைத்து ரெட்டினாலாக்க வேண்டும். உடலில் ரெட்டினால் போதுமான அளவு இருந்தால் அந்த நொதியின் வேலை மட்டுப்படும். உணவில் உள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினுக்கு ஒரு மைக்ரோகிராம் ரெட்டினால் என்ற கணக்கில்தான் பயன் கிடைக்கிறது. மிச்சம் தோலில் படிந்து உள்ளங்கை மஞ்சளாகும். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், அதனால் காமாலையிலிருந்து எளிதில் பிரித்தறியலாம். உண்பதைக் குறைத்தால் நிறம் மறையும். ஆக, கேரட் தீங்கற்றதாக இருப்பதற்குக் காரணம் அது உணவு என்பது அல்ல. அதில் இருக்கும் பொருளுக்கு உடலில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஈரலில் இருக்கும் பொருளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கேரட்டுக்குக் கிடைத்த நற்சான்றை எடுத்து ஈரலின் மேல் ஒட்டியிருக்கிறார் கட்டுரையாளர். இரண்டும் வைட்டமின் ஏ தருகின்றன என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் அவரிடம் இல்லை.

நான்காவது கால் முன்னோர். நம் ஊர்களில் ஆடு அறுபட்டது கோயில் கொடைக்கும் விசேஷத்துக்கும்தான். ஓர் ஆட்டுக்கு ஓர் ஈரல். அதைப் பெரிய குடும்பம் ஒன்று பங்கிட்டுக்கொள்ளும். பிள்ளை பெற்றவளுக்கும் நோயாளிக்கும் முதல் துண்டு போகும். அடுத்த ஈரல் பார்க்க மாதங்கள் ஆகும். அந்த உலகத்தில் வரம்பு மீற வழியே இல்லை. இன்று ஈரல் மட்டும் தனியாகக் கிலோ கணக்கில் கிடைக்கிறது. முன்னோர் தின்றார்கள் என்று சொல்கிறவர் அவர்கள் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை தின்றார்கள் என்றும் சொல்ல வேண்டும். உண்மையான மரபறிவு எதைத் தின்னலாம் என்பதோடு எதை விட வேண்டும் என்றும் அறிந்தது. பனிக்கரடியை வேட்டையாடி வாழ்ந்த இன்யூட் மக்கள் அதன் கறியைத் தின்று ஈரலை ஒதுக்கினார்கள். மரபு வேண்டுமென்றால் அந்த மரபை எடுத்துக்கொள்ள வேண்டும். திருக்குறளின் மருந்து அதிகாரத்தை விரித்தால் பெரும்பகுதி அளவறிந்து உண்பதைப் பற்றியதுதான்.

முன்னோர் என்றால் இன்னும் பின்னாலும் போகலாம். கென்யாவின் கூபி ஃபோராவில் 1973இல் கிடைத்த ஆதி மனிதப் பெண்ணின் எலும்புக்கூடு ஒன்று சுமார் 16 லட்சம் ஆண்டுப் பழமையானது. அதன் எலும்புகளின் மேல் இயல்புக்கு மாறான புது எலும்புப் படிவு இருந்தது. ஊனுண்ணி விலங்குகளின் ஈரலைத் தின்று வைட்டமின் ஏ மிகுந்து அவள் இறந்திருக்கலாம் என்று ஆலன் வாக்கரும் ரிச்சர்ட் லீக்கியும் அவர்கள் சகாவும் 1982இல் எழுதினார்கள். வேறு நோய் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். எது உண்மையானாலும், ஆதி மனிதனுக்கு உணவு எந்தக் கேடும் செய்யவில்லை என்பதை நிறுவப்பட்ட உண்மையாக எடுத்துக்கொள்ள முடியாது.

வைட்டமின் ஏயோடு விஷயம் முடியவில்லை. கீரையில் நிறைந்திருக்கும் வைட்டமின் கேக்கு உச்சவரம்பே கிடையாது, அது நஞ்சாவதில்லை. ஆனால் இதய வால்வு மாற்றிக்கொண்டு, இரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அந்த மருந்து வேலை செய்வதே வைட்டமின் கேயின் வழியை அடைத்துத்தான். கீரை நல்லது, எவ்வளவும் உண்ணலாம் என்ற பேச்சைக் கேட்டு ஒருவர் திடீரென்று தினமும் இருவேளை கீரையாகச் சாப்பிடத் தொடங்கினால் மருந்தின் வேகம் குறையும், வால்வில் இரத்தம் உறையக்கூடும். அதனால்தான் மருத்துவர்கள் கீரையை நிறுத்தச் சொல்லாமல் எல்லா வாரமும் ஒரே அளவில் சாப்பிடச் சொல்கிறார்கள். இரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனையை விடாமல் செய்யச் சொல்கிறார்கள். மற்றவருக்கு நல்லதான கீரை வால்வு நோயாளிக்கும் நல்லதுதான், ஆனால் அளவு மாறாமல் இருக்கும்வரை. அளவு பேசாத அறிவுரை அந்த நோயாளியின் உயிரோடு விளையாடும் அறிவுரை.

இன்னொன்று. கட்டுரையாளர் உணவு என்று சொல்லும்போது தோட்டத்திலும் தொழுவத்திலும் விளைந்ததை மட்டும் நினைக்கிறார். நாம் வாங்கும் பாலிலும் சமையல் எண்ணெயிலும் வைட்டமின் ஏயும் டியும் சேர்த்திருப்பதை நீல நிறத்து +எஃப் முத்திரை சொல்கிறது. இந்திய விதிகளில் எண்ணெய்க்கு ஒரு கிராமுக்கு 6 முதல் 9.9 மைக்ரோகிராம் என்று வரையறுத்திருக்கிறார்கள். 30 கிராம் எண்ணெயில் 300 மைக்ரோகிராமுக்கு மேல் போகாது. தனியாகப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. எண்ணெய், பால், ஊட்டச்சத்து மாவு, அரசுக் கரைசல் எல்லாம் ஒரே குழந்தையின் வாயில் சேரும்போது என்ன ஆகும் என்ற கேள்வியைத்தான் இந்திய ஊட்டச்சத்து அறிஞர்கள் சிலர் எழுப்பிவருகிறார்கள். செறிவூட்டிய உணவு கைதவறினால் என்ன ஆகும் என்பதற்கும் பதிவு இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் உள்ளூர்ப் பால் பண்ணை ஒன்றின் பாலைக் குடித்த 8 பேருக்கு வைட்டமின் டி நஞ்சேறியதை 1992இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். லிட்டருக்குச் சுமார் 400 யூனிட் இருக்கவேண்டிய பாலில் சில நாள் இரண்டு லட்சம் யூனிட்டுக்கும் மேல் இருந்தது. அவர்கள் மாத்திரை விழுங்கவில்லை, பால் குடித்தார்கள். 1950களில் பிரிட்டனில் பால்மாவிலும் தானிய உணவிலும் அளவு தாண்டிச் சேர்ந்த வைட்டமின் டியால் கைக்குழந்தைகளுக்கு இரத்தத்தில் கால்சியம் எகிறியது கண்டு அரசு செறிவூட்டலைக் குறைத்தது. உணவா மாத்திரையா என்ற கோட்டின் மேல் கட்டிய வாதம், அந்தக் கோடே அழிந்துபோன சந்தையில் எதற்கும் உதவாது.

இப்படிச் சொல்வதால் உணவைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. முருங்கைக்கீரையும் பப்பாளியும் மாம்பழமும் பயமின்றி உண்ணக்கூடியவை. நம் நாட்டில் வைட்டமின் ஏ பற்றாக்குறையால் வாடும் குழந்தைகள் இன்னும் இருக்கிறார்கள். வளர்ந்தவர் வாரத்தில் ஒருநாள் ஈரல் சாப்பிடுவதில் தவறில்லை. இரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கு வேண்டியது இரும்புச்சத்து. அதற்கு அரசு 180 நாளுக்குத் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உணவாகவே வேண்டும் என்றால் அதே கறிக்கடையில் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், கிடைக்கும். அதில் இரும்பு ஈரலில் இருப்பதைப்போலப் பல மடங்கு. ரெட்டினால் கிட்டத்தட்ட இல்லை. நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். எந்த உறுப்பில் எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் ஊட்டச்சத்து அறிவு. இயற்கையானது என்ற ஒரே முத்திரையை எல்லாவற்றின் மேலும் குத்துவது அறிவல்ல.

கட்டுரையாளருக்கு நான் வைக்கும் கோரிக்கை மூன்று. கர்ப்பிணி தினமும் ஈரல் சாப்பிட வேண்டும் என்ற வரியை அவர் திரும்பப் பெற வேண்டும். குழந்தைக்குத் தினமும் கோழி ஈரல் என்ற வரியையும் திரும்பப் பெற வேண்டும். காட் லிவர் ஆயிலுக்குப் புட்டியில் அச்சிட்ட அளவைத் தாண்டக் கூடாது என்று எழுத வேண்டும். அந்த எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 4,000 மைக்ரோகிராம் வரை வைட்டமின் ஏ இருக்கக்கூடும். திருத்தம் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வர வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள் என்று தாய்மார்களிடம் சொன்னவருக்கு, எவ்வளவு என்று எண்ணில் சொல்லும் பொறுப்பு உண்டு. அந்த எண்ணைச் சொல்ல மாட்டேன் என்றால், அறிவுரை சொல்லவும் அவருக்கு உரிமை இல்லை.